மாமனாரின் டிடி 214-இல் விடுபட்ட பதக்கங்கள்

கேள்வி: நான் அமெரிக்காவில் ஒஹாயோவில் வசிக்கிறேன். என் கணவர் அமெரிக்கர். மாமனாருக்கு வயது 78. கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு 1967 அக்டோபரில் சேர்ந்தவர். 1968 மார்ச் முதல் வாரத்திலிருந்து சரியாக ஒரு வருடம் வியட்நாமில், கூச்சியில், 25ஆவது காலாட்படை டிவிஷனில் இருந்தார். 1968 செப்டம்பரில் மோர்ட்டார் குண்டுச் சிதறல் இடது தொடையில் பாய்ந்து, அங்கிருந்த 12ஆவது எவாக்குவேஷன் மருத்துவமனையில் படுத்திருந்தார். 1969 அக்டோபரில் விடுவித்தபோது கொடுத்த டிடி 214 என்ற சேவைச் சான்றிதழில் தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், வியட்நாம் சேவைப் பதக்கம் என்று இரண்டு மட்டுமே இருக்கின்றன. போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் இல்லை. போர்க்கள வீரத்துக்கோ சிறப்பான சேவைக்கோ தரும் பிரான்ஸ் ஸ்டார் (Bronze Star) பதக்கத்துக்கு எழுதியிருப்பதாக கேப்டன் சொன்னாராம், அதுவும் இல்லை. 1973 தீ விபத்தில் எல்லாம் எரிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் ஒருவர். அப்படியா? நானே விண்ணப்பிக்கலாமா?

பதில்: முதலில் அந்தத் தீ விபத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதைச் சொல்லித்தான் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்து 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தது உண்மை. ஆனால் எரிந்தவற்றில் தரைப்படையினரின் கோப்புகள் 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களுடையவை. விமானப்படையில் 1947 முதல் 1963 வரை விடுவிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதி. உங்கள் மாமனார் 1969-இல் வெளியே வந்தவர். அவருடைய கோப்பு அந்த வரம்புக்குள் வரவே இல்லை. அது இருக்கிறது என்று நம்பியே தொடங்குங்கள்.

நீங்களே விண்ணப்பிக்க முடியாது. அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய கையெழுத்தும் தேதியும் வேண்டும். அவர் காலத்துக்குப் பிறகும் கோப்பைக் கேட்கும் உரிமை மறுமணம் செய்யாத மனைவி, பெற்றோர், மகன், மகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்குத்தான் உண்டு, மருமகளுக்கு இல்லை. விடுவிக்கப்பட்டு 62 வருடம் ஆனால் கோப்பு பொது ஆவணமாகிவிடும். இவருக்கு அது 2031-இல்தான். அதுவரை காத்திருக்காதீர்கள். காயம் எப்படிப் பட்டது என்று சொல்ல அவர் இன்று இருக்கிறார், அதுவே உங்களுக்குப் பெரிய பலம். "போகட்டும் விடு" என்று அவர் சொல்லக்கூடும், அந்தத் தலைமுறையில் நிறைய பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பர்ப்பிள் ஹார்ட் பெற்றவர்களுக்கு முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் குறைந்தபட்சம் 3ஆவது முன்னுரிமைப் பிரிவு கிடைக்கும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து, விடுபட்ட எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டாதீர்கள். அங்கே இருந்ததற்காகவே தானாகச் சேரவேண்டியவை உண்டு. ஒரு நிகழ்வை நிரூபித்தால் உரிமையாகவே கிடைப்பவை உண்டு. மேலதிகாரி பரிந்துரைத்து, அவருக்கும் மேலே ஒருவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே கிடைப்பவையும் உண்டு. மூன்றுக்கும் தட்டவேண்டிய கதவு வேறு வேறு. கலந்து அனுப்பினால் சுலபமாகக் கிடைக்கவேண்டியதும் கடினமானதோடு சேர்ந்து மாதக்கணக்கில் கிடக்கும்.

எதைக் கேட்பதற்கும் முன்னால் முழுக் கோப்பு கைக்கு வரவேண்டும். எஸ்எஃப் 180 படிவத்திலோ, ஆவண மையத்தின் இ-வெட்ரெக்ஸ் இணையப் பக்கத்திலோ கேட்கலாம். கட்டணம் இல்லை. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். "சேவை ஆவணம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், ஏற்கனவே கையில் இருக்கும் டிடி 214-இன் நகலையே திரும்ப அனுப்பிவிடுவார்கள். "முழுப் பணியாளர் கோப்பு, டிஏ படிவம் 20 உட்பட, எல்லா உத்தரவுகளும், மருத்துவச் சிகிச்சை ஆவணங்களும்" என்று தெளிவாக எழுதுங்கள். அடையாள எண் விஷயத்திலும் கவனம் வேண்டும். தரைப்படை 1969 ஜூலை 1-இல்தான் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு மாறியது. அதற்கு முந்தைய தாள்களில் அவருடைய பழைய சேவை எண்தான் இருக்கும், கட்டாயச் சேவைக்காரர்களுக்கு அதன் முன்னால் 'யூஎஸ்' என்ற எழுத்துகள் வரும். இரண்டு எண்களையும் கொடுங்கள்.

மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்ற ஆவணங்கள் சிலசமயம் ஆள் பெயரில் இல்லாமல் மருத்துவமனைப் பெயரிலும் வருடத்திலும் தனியாக அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே "12ஆவது எவாக்குவேஷன் மருத்துவமனை, கூச்சி, 1968 செப்டம்பர்" என்று தனியே ஒரு வரி சேருங்கள். அவர் எப்போதாவது ஊனத் தொகைக்கு விண்ணப்பித்திருந்தால் மருத்துவத் தாள்கள் முன்னாள் படைவீரர் துறைக்குப் போய் அங்கேயே தங்கியிருக்கலாம். அங்கிருந்து அவருடைய சி-ஃபைலின் (உதவித்தொகைக் கோரிக்கைக் கோப்பின்) நகலை 20-10206 என்ற படிவத்தில் கேளுங்கள்.

கோப்பு வந்ததும் முதலில் தேடவேண்டியது டிஏ படிவம் 20. நான்கு பக்கமாக மடித்த கெட்டி அட்டை போன்றது, எழுத்தர்கள் பலர் பல பேனாவிலும் பென்சிலிலும் எழுதியிருப்பார்கள். 31ஆவது கட்டத்தில் வெளிநாட்டுச் சேவையின் தேதிகள், 38-இல் எந்தக் கம்பெனியில் எந்த வேலையில் எப்போது இருந்தார் என்பதும் நடத்தை மதிப்பீடும், 40-இல் காயங்கள், 41-இல் விருதுகள். 40ஆவது கட்டத்தில் 'இடது தொடை, குண்டுச் சிதறல்' என்ற பொருளில் ஒரு தேதியோடு அரை வரி இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அது காலியாக இருந்தாலும் மனம் தளராதீர்கள். டிடி 214 என்பது வீட்டுக்குப் போகத் துடிக்கும் நூற்றுக்கணக்கானவர்களை வரிசையில் வைத்துக்கொண்டு, கையில் இருந்த தாள்களைப் பார்த்து அவசரமாகத் தட்டச்சு செய்தது. உத்தரவின் நகல் கோப்புக்கு வந்து சேராவிட்டால் அதில் ஏறாது.

தானாகச் சேரவேண்டியவற்றை இப்போது எடுங்கள். வியட்நாம் சேவைப் பதக்கம் இருக்கிறது, ஆனால் அதன்மேல் வரவேண்டிய நட்சத்திரங்கள் விடுபட்டிருக்கும். ஒவ்வொரு போர்க் கட்டத்துக்கும் ஒரு வெண்கல நட்சத்திரம். 1968 மார்ச் முதல் வாரத்திலிருந்து ஒரு வருடம் என்றால் கணக்கு இப்படி: ஏப்ரல் 1 வரை டெட் எதிர்த்தாக்குதல். ஏப்ரல் 2 முதல் ஜூன் 30 வரை எதிர்த்தாக்குதல் 4ஆம் கட்டம். ஜூலை 1 முதல் நவம்பர் 1 வரை 5ஆம் கட்டம். நவம்பர் 2 முதல் 1969 பிப்ரவரி 22 வரை 6ஆம் கட்டம். பிப்ரவரி 23-இல் தொடங்கியது டெட் 69. அதில் அவர் இருந்தது ஓரிரு வாரம்தான் என்றாலும் கணக்கில் வரும். மொத்தம் ஐந்து. ஐந்து வெண்கலத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளி நட்சத்திரம். ஆகவே நீங்கள் கேட்கவேண்டியது "ஒரு வெள்ளிச் சேவை நட்சத்திரத்துடன் வியட்நாம் சேவைப் பதக்கம்".

ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்ததால் தென் வியட்நாம் அரசின் போர்ச் சேவைப் பதக்கமும் வரவேண்டும். அது வெளிநாட்டு அரசின் பதக்கம் என்பதால் அமெரிக்க ராணுவம் ஆவணத்தில் ஏற்றுமே தவிர உலோகப் பதக்கத்தை அனுப்பாது, கடையில் வாங்கிக்கொள்ளவேண்டும். 'கேலன்ட்ரி கிராஸ்' என்ற படைப்பிரிவு விருதையும் மறக்காதீர்கள். அந்தப் போரில் வியட்நாமில் இருந்த தரைப்படைப் பிரிவுகளுக்கெல்லாம் மொத்தமாக அதை அறிவித்த உத்தரவு 1974-இன் பொது உத்தரவு எண் 8. 1969-இல் வெளியே வந்தவரின் தாளில் அது எப்படி இருக்கும்! அந்த எண்ணைக் கடிதத்தில் அப்படியே குறிப்பிடுங்கள்.

அவருடைய எம்ஓஎஸ் (ராணுவத் தொழில் எண்) 11பி, அதாவது காலாட்படை வீரர் என்றால், சண்டை கண்ட காலாட்படையினருக்கான 'காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ்' என்ற சின்னம் வரவேண்டும். காலாட்படைத் தொழில் எண், பிரிகேட் அல்லது அதற்குச் சிறிய காலாட்படைப் பிரிவில் பணி, அந்தப் பிரிவு சண்டையில் இருந்தபோது அவரும் நேரில் இருந்தது ஆகிய மூன்றும் சேர்ந்து காட்டப்படவேண்டும். பீரங்கிப்படை, இன்ஜினியர் பிரிவுக்காரர்கள் எவ்வளவு சண்டை பார்த்திருந்தாலும் இது கிடைப்பதில்லை. நன்னடத்தைப் பதக்கமும் பாருங்கள். மூன்று வருடத்துக்குக் குறைவாகவும் ஒரு வருடத்துக்கு மேலாகவும் இருந்து விடுபட்டவர்களுக்கும் முதல் பதக்கம் உண்டு. 38ஆவது கட்டத்தில் மதிப்பீடுகள் முழுக்க 'எக்ஸலன்ட்' என்றிருந்து, கூடாது என்று கமாண்டர் எழுதிய தாள் எதுவும் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

இவற்றுக்கு ராணுவ ஆவணத் திருத்த வாரியம் வரை முதலிலேயே போகவேண்டாம். கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள ராணுவ மனிதவளக் கமாண்டின் விருதுகள் பிரிவுக்கு அவர் கையெழுத்திட்ட கடிதம், டிடி 214, டிஏ 20 நகல்களோடு அனுப்பவேண்டும். ஒப்புக்கொண்டால் பழைய தாளைத் திரும்பத் தட்டச்சு செய்யமாட்டார்கள். டிடி 215 என்ற திருத்தத் தாள் வரும். மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். கீழ்மட்ட வழிகளை முடிக்காமல் வாரியத்துக்குப் போனால் விசாரிக்காமலே திருப்பிவிடுவார்கள், முடித்தாயிற்று என்பதற்கு அந்தக் கடிதம்தான் சாட்சி.

பர்ப்பிள் ஹார்ட் வேறு ரகம். அதை யாரும் பரிந்துரைக்கவேண்டியதில்லை, நிரூபித்தால் உரிமை. நிரூபிக்கவேண்டியவை: காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டது, மருத்துவர் சிகிச்சை தந்தார், அந்தச் சிகிச்சை ஆவணத்தில் ஏறியது. நிராகரிக்கப்படும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் முதலாவதில்தான் தடுக்கி விழுகின்றன. மருத்துவத் தாளில் 'இடது தொடையில் காயம், தையல்' என்று மட்டும் இருக்கும், எதனால் என்றிருக்காது. வேலியில் கிழித்ததா, குண்டா என்று வாரியத்துக்கு எப்படித் தெரியும்? ஊனத் தொகை கிடைக்கிறது என்பதோ, எக்ஸ்ரேயில் இன்னும் துண்டு தெரிகிறது என்பதோ துணைச் சான்றுதான், அது மட்டும் போதாது.

அந்த இடைவெளியை நிரப்பும் தாள்கள் பலவும் கோப்புக்கு வெளியே இருக்கின்றன. கம்பெனியின் அன்றாட 'மார்னிங் ரிப்போர்ட்' செயின்ட் லூயிஸில் இருக்கிறது. யார் பணியிலிருந்து மருத்துவமனைக்குப் போனார், என்றைக்குத் திரும்பினார் என்று பெயரோடு இருக்கும். கம்பெனி, பட்டாலியன் பெயரோடு தேதியை முடிந்தவரை குறுக்கிக் கேளுங்கள். பட்டாலியனின் அன்றாடக் குறிப்பேடு மேரிலாந்தில் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 472ஆவது ஆவணத் தொகுதியில் தேடவேண்டியது. அதில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் அன்று எத்தனை மணிக்கு மோர்ட்டார் விழுந்தது, எத்தனை பேர் காயம் என்று நிமிடக் கணக்கில் கிடைக்கலாம். மார்னிங் ரிப்போர்ட்டில் பெயர், குறிப்பேட்டில் தாக்குதல், இரண்டிலும் ஒரே தேதி: வாரியத்தின் முன் இதைவிட வலுவாகப் பேசுவது குறைவு. மேலும், வியட்நாமில் மருத்துவமனைகளே பர்ப்பிள் ஹார்ட்டுக்குப் பொது உத்தரவு போட்டு வழங்கியதுண்டு. உத்தரவு போட்டும் கோப்புக்கு வராமல் போயிருக்கலாம். அந்தக் காலத்து உத்தரவுகளுக்கு ஏடிகார்ஸ் என்ற கணினித் தேடல் பட்டியல் ராணுவத்திடம் இருக்கிறது, வியட்நாம் காயமடைந்தோர் பட்டியலும் இருக்கிறது. இரண்டிலும் தேடச் சொல்லிக் கடிதத்திலேயே கேளுங்கள். அவருடைய அம்மா வீட்டுப் பரணில் காயச் செய்தி சொன்ன தந்தியோ, தேதி போட்ட கடிதமோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூட இருந்தவர்களின் சாட்சியமும் உதவும். எழுதுபவர் தன் பெயர், பிரிவு, அந்த நேரத்தில் எங்கே நின்றார், கண்ணால் என்ன கண்டார் என்று தன் சொந்த வார்த்தையில் எழுதவேண்டும். நீங்கள் ஒன்று எழுதி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். ஒரே வாசகம் மூன்று தாளில் வந்தால் மூன்றின் மதிப்பும் போய்விடும்.

இவற்றோடு ஃபோர்ட் நாக்ஸிடம் கேட்டு மறுக்கப்பட்டால், ராணுவ ஆவணத் திருத்த வாரியத்துக்கு டிடி படிவம் 149. தவறு தெரிந்த மூன்று வருடத்துக்குள் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நீதி கருதி அதைத் தள்ளிவைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தக் கேள்விக்கான கட்டத்தைக் காலியாக விடாமல், முழுக் கோப்பைப் பார்த்த பிறகே விடுபட்டது புரிந்தது என்பதுபோல் உண்மையான காரணத்தை எழுதுங்கள். அசல் எதையும் அனுப்பாதீர்கள். பத்தில் ஒன்பது வழக்குகளைப் பத்து மாதத்துக்குள்ளும் மற்றவற்றைப் பதினெட்டு மாதத்துக்குள்ளும் முடிக்கவேண்டும் என்பது சட்டம், அதற்கேற்பப் பொறுமை வேண்டும். ராணுவம் செய்தது சரி என்று எடுத்துக்கொண்டே வாரியம் தொடங்கும், தவறு என்று காட்டும் பாரம் உங்களுடையது. மறுத்தாலும் புதிய சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம்.

பிரான்ஸ் ஸ்டாருக்கு, கேப்டன் சொன்னார் என்பது போதாது. ஏடிகார்ஸில் உத்தரவு கிடைத்தால் அது வெறும் ஆவணத் திருத்தம், சுலபம். உத்தரவே போடப்படவில்லை என்றால் இப்போது புதிதாகப் பரிந்துரைக்கவேண்டும். நேரில் கண்ட ஒருவர், முடிந்தால் அந்தக் கேப்டனே, டிஏ படிவம் 638-இல் எழுதி, கண்கண்ட சாட்சியங்களோடு உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் வழியாக அனுப்பவேண்டும். கால வரம்பைத் தாண்டிப் பரிசீலிக்க வழிசெய்யும் சட்டப்பிரிவு 1130 அது. அந்தக் கேப்டனைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இதற்காக மற்றவற்றை நிறுத்திவைக்காதீர்கள் என்பது என் ஆலோசனை.

பணம் கேட்டுப் பதக்கம் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் போகவேண்டாம். உங்கள் கவுன்டியின் முன்னாள் படைவீரர் சேவை அலுவலர், அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ போன்ற முன்னாள் படைவீரர் சங்கத்தினர் இவர்கள் இலவசமாகவே உதவுகிறார்கள்.

டிடி 215 வந்ததும் பெயர், எண், தேதி, நட்சத்திரத்தின் நிறம் வரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், அதிலும் தட்டச்சுப் பிழை வருவதுண்டு. சரியாக இருந்தால் டிடி 214-உடன் சேர்த்தே வையுங்கள், ஒரு நகலை அவருடைய மருத்துவமனைப் பதிவு அலுவலகத்தில் கொடுங்கள். முன்னுரிமைப் பிரிவு தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாமல், மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.