தண்டவாளத்தில் ஒரு ரூபாய்க் காசு: மாடல் ரயில் கேள்வி-பதில்

மாடியறையில் காட்பாடி ஜங்ஷனைக் கட்டுகிறேன் சார். ஜோலார்பேட்டை, விழுப்புரம், சித்தூர் என்று மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி ஓட வேண்டும். பழைய டிசி கன்ட்ரோலர் போதுமா? (காட்பாடி)

ஜங்ஷன் என்றாலே டிசிசிக்கு, அதாவது தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறைக்குப் போய்விடுங்கள். டிசியில் தண்டவாளத்தில் பாயும் வோல்ட்தான் வேகம். ஒரே பகுதியில் நிற்கும் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்தே கிளம்பும். டிசிசியில் ஹெச்ஓ என்ற மாடல் அளவுத் தண்டவாளத்தில் எப்போதும் 14, 15 வோல்ட் இருக்கும். கட்டளையும் அதிலேயே போகும். இன்ஜினுக்குள் கட்டளையைப் படிக்கும் சின்ன சர்க்யூட்டான டீகோடர் தன் எண் வந்தால் மட்டும் அசையும்.

புது டீகோடர் பெரும்பாலும் 3 என்ற எண்ணோடுதான் வரும். அதனால் ஒவ்வொரு இன்ஜினையும் தனியாக, எண் மாற்றுவதற்கென்றே ஒதுக்கிய புரோகிராமிங் தண்டவாளத்தில் வைத்து எண்ணை மாற்றுங்கள். நம் வேப்-7 மின்சார இன்ஜின் எண்கள் ஐந்து இலக்கம், டிசிசியில் நாலு இலக்கம்தான் வழக்கம். கடைசி நாலை வைத்துக்கொள்ளலாம்.

கன்ட்ரோலர் பக்கத்தில் நன்றாக ஓடுகிற வண்டி, எதிர் மூலைக்குப் போனால் திக்கித் திக்கி நிற்கிறது. தண்டவாளத்துக்குக் கூடுதல் பவர் தரும் பூஸ்டர் இன்னொன்று வாங்கட்டுமா? (குடியாத்தம்)

வாங்காதீர்கள். எனக்கு வருகிற டிசிசி புகார்களில் பெரும்பாலானவை வயரிங் கோளாறுதான். தண்டவாளங்களை இணைக்கும் ஜாயினர் தகடுகளை நம்பி கரண்ட் அனுப்பக் கூடாது. தூசும் துருவும் ஏறினால் அவை கைவிட்டுவிடும். பலகைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. வயரில் சிவப்பும் கறுப்பும் ஒரு ஜோடி முழு நீளத்துக்கும் ஓடட்டும். மூன்றடிக்கு ஒரு முறை அதிலிருந்து மெல்லிய வயர் எடுத்து, தண்டவாளத்தின் வெளிப்பக்கம் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.

பிறகு காசு சோதனை. ஹெச்ஓ தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., ஒரு ரூபாய்க் காசு இரண்டையும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்து ஷார்ட் ஆக்கும். பவர் இருக்கும்போதே அடிக்கடி இடம் மாற்றி அழுத்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் சிஸ்டம் உடனே கட் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் வயர் போதவில்லை.

என் முதல் லேஅவுட்டில் இதைச் செய்யாமல் விட்டேன். ஒரு வளைவில் வண்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகியும் பவர் போகவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்துதான் எனக்கே தெரிந்தது. ஒரு ஜாயினர் நீலம் பாய்ந்திருந்தது, கீழே ஸ்லீப்பர் உருகி வழிந்திருந்தது. வீட்டுக்குள் நடந்த விஷயம் அது. இன்றைக்கும் காசு வைக்காமல் புது லைனில் வண்டி விடுவதில்லை.

கல்லூரி மாணவன். குறைந்த செலவில் போனிலேயே ஓட்ட வழி உண்டா ஐயா? (ராணிப்பேட்டை)

உண்டு தம்பி. ஆர்டுயினோ மெகா என்ற சின்ன கன்ட்ரோல் போர்டு, அதன் மேல் மாட்டித் தண்டவாளத்துக்குப் பவர் தரும் மோட்டார் ஷீல்டு, வைஃபை போர்டு, இவற்றோடு இலவச டிசிசி-இஎக்ஸ் மென்பொருள். போனில் இன்ஜின் டிரைவர் செயலி. ஆர்டுயினோவின் அசல் ஷீல்டு என்றால், மாட்டுவதற்கு முன் அதன் அடியில் உள்ள 'வின் கனெக்ட்' இணைப்பைக் கத்தியால் கீறித் துண்டித்துவிடு. இல்லாவிட்டால் தண்டவாளத்து வோல்ட் மெகாவுக்குள் ஏறிவிடும். இரண்டு மூன்று இன்ஜின்களுக்கு இது தாங்கும்.

1856-ல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் வந்த எங்கள் ஊரை மாடலாக்குகிறேன். கடைசியில் வண்டி வளைந்து திரும்பும் லூப்பில் ஷார்ட் ஆகிறது. (வாலாஜா)

நல்ல ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். லூப்பில் திரும்பிய தண்டவாளம் தன் எதிர்த் தண்டவாளத்தையே போய்த் தொடுகிறது. இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி இடைவெளி விட்டு, உள்பகுதிக்கு, இரு தண்டவாளங்களின் இணைப்பைத் தானாக மாற்றிப்போடும் ஆட்டோ-ரிவர்ஸர் கொடுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே நீளமான வண்டி முழுதும் அந்த வெட்டுகளுக்குள் அடங்க வேண்டும்.

டீகோடர் இல்லாத பழைய இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் வைக்கலாமா? (ஆம்பூர்)

வேண்டாம். நிற்கும்போதும் ரீங்காரமிட்டு மோட்டார் சூடேறும். டீகோடர் போடுவதானால், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு பிரஷ்ஷும் இன்ஜினின் உலோக உடம்பைத் தொடவில்லை என்று முதலில் மல்டிமீட்டரில் பாருங்கள். தொட்டால் டீகோடர் பவர் போட்டதுமே போய்விடும்.