வேதிப்பொறியியலுக்குக் கேப் டவுனா, டர்பனா? இரண்டிலும் இடம் கிடைத்த மகளை எங்கே சேர்ப்பது?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. மகளுக்கு வேதிப்பொறியியலில் கேப் டவுன் பல்கலைக்கழகமும் டர்பனிலுள்ள குவாசுலு-நடால் பல்கலைக்கழகமும் இடம் தந்திருக்கின்றன. குவாசுலு-நடாலில் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண்ணுக்காக முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறார்கள். கேப் டவுனிலிருந்து பண உதவி எதுவும் இதுவரை வரவில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,20,000 ரேண்ட். விடுதி, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்தால் கேப் டவுனுக்கு ஆண்டுதோறும் சுமார் 90,000 ரேண்ட் கூடுதலாகும். பெண் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்கிறார் கணவர்; கேப் டவுனுக்கே அனுப்புங்கள் என்கிறார் மாமனார்.

சகோதரி, இந்த விவரங்கள் இப்படியே இருக்குமானால் குவாசுலு-நடாலில் சேருங்கள் என்பதே என் பதில். டர்பனில் ஒரு கல்வி நிறுவனத்தின் மாணவர் நிதியுதவி அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வருமானம். அரசின் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம், அதாவது நாம் எல்லோரும் என்ஸ்ஃபாஸ் என்று சொல்வது, 2018 முதல் கடனாக இல்லாமல் உதவித்தொகையாகவே கொடுக்கப்படுகிறது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டைத் தாண்டினால் அது கிடைக்காது. அந்த வரம்புக்குள் இருந்திருந்தால் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் உதவி கிடைத்திருக்கும், நீங்களும் படிப்பை மட்டும் பார்த்து முடிவெடுத்திருக்கலாம். வரம்பைச் சற்றே தாண்டி நிற்பதால், மிஸ்ஸிங் மிடில் என்று இங்கே பேசப்படும் கூட்டத்தில் நீங்கள் சேர்ந்துவிடுகிறீர்கள்: இலவசமாகப் படிக்க வைக்க வருமானம் கூடுதல், சொந்தக் கையிலிருந்து கட்ட வருமானம் போதாது. இந்த நாட்டில் ஆசிரியர், தாதி, காவலர் என்று சம்பளம் வாங்கும் எத்தனையோ குடும்பங்களை இந்த ஒரு கோடு தண்டிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது 90,000 ரேண்ட். அதை நீங்கள் ஓராண்டுச் செலவாக எழுதியிருக்கிறீர்கள். படிப்பு நான்கு ஆண்டு. நான்கு ஆண்டுக்கு 3,60,000 ரேண்ட். பொறியியலில் ஒரு பாடம் தவறி ஐந்தாம் ஆண்டுக்குப் போவது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் நடக்கக்கூடியது என்பதால் 4,50,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள்; அது உங்கள் வீட்டின் ஓராண்டு முழு வருமானத்தைவிட அதிகம். இதில் ஆண்டுதோறும் ஏறும் கட்டணம் சேரவில்லை. 2015 அக்டோபரில் மாணவர்கள் நாடு முழுவதும் திரண்டு போராடியதால் 2016ஆம் ஆண்டுக்கு மட்டும் கட்டண உயர்வு நிறுத்தப்பட்டது. அதன்பின் உயர்வு திரும்பி வந்துவிட்டது.

இந்தத் தொகைக்கு வங்கிக் கடன் வாங்கினால் பெற்றோர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை படிக்கும் காலத்தில் பெரும்பாலும் வட்டியை மாதாமாதம் கட்டிவர வேண்டும், அசலைப் படிப்பு முடிந்த பிறகு அடைக்க வேண்டும். கடனே வாங்காமல் பல்கலைக்கழகத்தில் பாக்கி வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுடைய கட்டணக் கணக்குத் தாளை நான் அன்றாடம் பார்த்தவன். அதன் முதல் வரி, போன ஆண்டிலிருந்து கொண்டுவந்த நிலுவை. அடுத்த வரி, அந்த நிலுவைக்கு வட்டி. அதற்குக் கீழேதான் விடுதிக் கட்டணமும் இந்த ஆண்டின் பாடக் கட்டணமும் வரும். மேலே உள்ள இரண்டு வரிகளும் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகும். கடைசித் தேர்வும் எழுதித் தேறிய பிள்ளை, வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், சான்றிதழைக் கொடுங்கள் என்று கவுண்டரில் வந்து நிற்கும். பாக்கி தீரும்வரை சான்றிதழ் கைக்கு வராது. வேலை கிடைத்தால்தான் பாக்கியை அடைக்க முடியும், சான்றிதழ் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்ற நிலையில் அந்தப் பிள்ளைகள் படும் பாடு சொல்லி மாளாது.

குவாசுலு-நடால் தரும் தள்ளுபடியையும் கவனமாகப் படியுங்கள். மெட்ரிக் மதிப்பெண்ணுக்குக் கொடுக்கப்படும் பரிசு பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் அது தொடருமா, தொடர வேண்டுமானால் எத்தனை விழுக்காடு எடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெட்ரிக்கில் தொண்ணூறு எடுத்த பிள்ளை பொறியியல் முதலாண்டில் அறுபத்தைந்துக்கு வருவது இயல்பு. தள்ளுபடி ஒரே ஆண்டுக்குத்தான் என்றாலும் என் பதில் மாறாது, ஏனென்றால் உங்கள் கணக்கில் பெரிய தொகை விடுதியும் சாப்பாடும்தான். சாட்ஸ்வர்த்திலிருந்து, குவாசுலு-நடாலில் பொறியியல் நடக்கும் ஹோவர்ட் காலேஜ் வளாகத்துக்குத் தினமும் போய்வர முடியும்.

பணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மகளுக்கு எது பொருந்தும் என்பது இருக்கிறது. வேதிப்பொறியியல் பட்டத்தைப் பொறுத்தவரை, இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டத்தையும் தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம் அங்கீகரிக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டின் வழியாக, அதில் சேர்ந்துள்ள வெளிநாடுகளிலும் அந்த அங்கீகாரம் செல்லும். வேறுபாடு ஆராய்ச்சியில் தெரியும். வினையூக்கிகள், கனிமப் பிரிப்பு, உயிரிச் செயல்முறைகள் ஆகியவற்றில் கேப் டவுனுக்குப் பெரிய பெயர் இருக்கிறது. டர்பனில் வெப்ப இயக்கவியல் ஆராய்ச்சிப் பிரிவு நன்கு அறியப்பட்டது. கரும்பு ஆலைகளுக்கான ஆராய்ச்சி நிலையமும் ஹோவர்ட் காலேஜ் வளாகத்திலேயே இருக்கிறது. 1860இல் இந்தியாவிலிருந்து நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த அதே கரும்புத் தொழில், இன்று நம் பெண்பிள்ளை பொறியாளராக நுழையக்கூடிய இடமாக இருப்பது எனக்கு மன நிறைவைத் தருகிறது. ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் உங்கள் மகள் படிக்கப்போவது கணிதம், இயற்பியல், வேதியியல், பொருள்-ஆற்றல் சமநிலைக் கணக்குகள் ஆகியவைதான். அவை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்ட உதவுவது, வீட்டில் வேளாவேளைக்குச் சோறும் அமைதியான ஓர் அறையும் இருப்பதா, அல்லது வீட்டுக் கவலைகளிலிருந்து விலகி விடுதியில் படிக்கும் சுதந்திரமா என்பதை மகளிடமே கேளுங்கள். வீட்டில் பாட்டிக்குத் துணை, தம்பிக்குப் பாடம், சமையல் எல்லாம் அவள் தலையில் விழும் என்றால் டர்பன் தேர்வு கெட்டுவிடும். அதை நீங்களும் உங்கள் கணவரும் முன்கூட்டியே தடுக்க வேண்டும்.

உங்கள் மாமனாரின் பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரித்த 1959ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஓர் இந்திய மாணவர் கேப் டவுனில் சேர அமைச்சரின் அனுமதி தேவைப்பட்டது. நம்மவர்களுக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரியைத் திறந்து, அங்கே போங்கள் என்றார்கள். அதுவே பின்னர் வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004இல் நடால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நடால் ஆனது. மூடியிருந்த கதவு பேத்திக்குத் திறக்கும்போது அவர் மனம் அங்கே போவது நியாயம். அவரிடம் கணக்கை மறைக்காமல் காட்டுங்கள். அந்தத் தலைமுறைக்குக் கடனின் கனம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கேப் டவுனை முற்றிலும் கைவிடுவதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. என்ஸ்ஃபாஸ் வரம்பைத் தாண்டிய குடும்பங்களுக்கு அங்கே உதவித்தொகை உண்டு; அதற்கு விண்ணப்பித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. 6,00,000 ரேண்ட் வரை வருமானமுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நடக்கும் இக்குசாசா நிதியுதவித் திட்டத்துக்கும், வேதிப்பொறியியலுக்கு சாசோல் போன்ற நிறுவனங்கள் தரும் பர்சரிக்கும் (படிப்புக்கான உதவித்தொகை) விண்ணப்பியுங்கள். நிறுவனப் பர்சரி வாங்கினால் பொதுவாக வாங்கிய ஆண்டுகளுக்கு ஈடாக அங்கே வேலை செய்ய வேண்டும். புதிய பொறியாளருக்கு அது சுமையில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று, நான்கு ஆண்டுக்கும் விடுதியோடு சேர்த்து, எழுத்தில் கிடைத்தால் மகளைத் தாராளமாக அனுப்புங்கள். முதலாண்டுக்கு மட்டும் கிடைத்தால் அனுப்பாதீர்கள்.

முதலாண்டை டர்பனில் முடித்துவிட்டுக் கேப் டவுனுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். எந்தப் பாடத்தை ஏற்பது என்பது அங்குள்ள துறையின் முடிவு, சில பாடங்களை மறுபடி படிக்க நேர்ந்தால் ஓராண்டு கூடிவிடும். டர்பனில் பட்டம் முடித்து, வினையூக்கியிலோ கனிமத்திலோ அவளுக்கு உண்மையான ஆர்வம் வந்தால், முதுகலைக்குக் கேப் டவுன் போகட்டும். அந்தக் கட்டத்தில் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தன் ஆராய்ச்சி நிதியிலிருந்து மாணவருக்குக் கொடுக்கும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள்.