ரோஜா இலையை வட்டமாக வெட்டுவது இலைவெட்டி எறும்பா? அந்தக் கூட்டத்தை ராணிதான் நடத்துகிறதா?

பெங்களூரில் உங்கள் மாடித்தோட்டத்து ரோஜா இலைகளில் ஓரம் ஓரமாக அரைவட்டம் வெட்டியிருக்கிறது, அது வீடியோவில் பார்த்த இலைவெட்டி எறும்பாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அவ்வளவு ஒழுங்காக வேலை செய்ய ராணிதான் உத்தரவு போடுகிறதா, மகள் வளர்க்க ஆசைப்படுகிறாள், எங்கே கிடைக்கும் என்றும். ரோஜாவை முதலில் முடித்துவிடுகிறேன்.

அது எறும்பு வேலை இல்லை, தேனீ வேலை. மெகாகைல் என்ற இலைவெட்டித் தேனீ. ரோஜாவோ காகிதப்பூவோ வைத்திருக்கும் வீடுகளுக்கு இது வந்துபோகும். ஹலசூரில் எங்கள் மொட்டை மாடியில் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். இலையின் ஓரத்தைக் காலால் பற்றிக்கொண்டு, தாடையால் ஒரே வளைவாக வெட்டிக்கொண்டே போகும். கடைசி நூலளவு மிச்சம் இருக்கும்போதே இறக்கையை அடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் துண்டு அறுந்ததும் கீழே விழாமல் அப்படியே தூக்கிக்கொண்டு பறக்கும். எல்லாம் சில விநாடி வேலைதான். மூங்கில் துளை, சுவரில் விட்டுப்போன ஸ்க்ரூ ஓட்டை போன்ற இடங்களில் அந்த இலைத்துண்டுகளைச் சுருட்டி அறை செய்து, மகரந்தமும் தேனும் வைத்து, ஒரு முட்டை இட்டு, வட்டத் துண்டுகளால் மூடிவிடும். கூட்டம், ராணி எதுவும் இதற்குக் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாகத்தான் கூடு கட்டும். துவரைப் பூக்களில் மகரந்தச் சேர்க்கைக்கு இவை பெரிய உதவி. நாலு இலை போனால் ரோஜாச் செடி சாகாது, தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள்.

லால்பாக் மாமரங்களில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பும் இலைவெட்டி இல்லை. அது தன் புழுக்களின் பட்டு நூலால் இலைகளை ஒட்டித் தைக்கும், அவ்வளவுதான்.

அசல் இலைவெட்டி எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. அட்டா, அக்ரோமிர்மெக்ஸ் என்று முக்கியமான இரண்டு பேரினங்கள். அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து அர்ஜென்டினா வரை பரவியிருக்கின்றன. ஆசியாவில் இவை இல்லை.

உங்கள் ராணிக் கேள்விக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த எறும்புகள் வெட்டிக்கொண்டு போகும் இலை அவற்றின் சாப்பாடு இல்லை. இதை ஊகித்து 1874-இல் எழுதியவர் தாமஸ் பெல்ட். நிகரகுவாவில் சுரங்கப் பொறியாளராக இருந்த ஆங்கிலேயர். இலையைத் தின்கின்றன என்று சிலரும், கூட்டுக்குள் கூரை போடுகின்றன என்று சிலரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கூடுகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு, இலையை எருவாகப் போட்டு உள்ளே பூஞ்சை வளர்க்கின்றன, அதைத்தான் உண்கின்றன என்றார்.

உள்ளே நடப்பது இதுதான். வந்த இலைத்துண்டை நக்கிச் சுத்தம் செய்து, சின்னச் சின்னதாக நறுக்கி, மென்று கூழாக்கி, தன் கழிவிலிருந்து ஒரு துளி விட்டு, தோட்டத்தில் பதித்து வைக்கின்றன. பிறகு பழைய தோட்டத்திலிருந்து பூஞ்சையில் ஒரு துளி பிய்த்து அதன்மேல் நடுகின்றன. பாலில் உறைமோர் விடுகிற மாதிரிதான். பூஞ்சை வளர்ந்து, நுனிகள் உப்பிக் கொத்தாகத் திரளும். புழுக்களுக்கு அதுதான் ஆகாரம். பெரிய எறும்புகள் வெட்டும்போது கசியும் இலைச்சாற்றையும் குடித்துக்கொள்ளும்.

இனி வேலைப் பங்கீடு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான் எல்லாம், ஆனால் அட்டா கூட்டத்தில் உருவ வித்தியாசம் நம்ப முடியாத அளவுக்கு இருக்கும். மிகச் சிறியவற்றின் தலை அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. காவல் எறும்பின் தலை 4 மில்லிமீட்டரைத் தாண்டும். எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்வுகளில் இதை அளந்தே காட்டினார். வெளியே போய் இலை வெட்டுபவை பெரும்பாலும் தலை அகலம் 2 மில்லிமீட்டரை ஒட்டிய நடுத்தர எறும்புகள். கூட்டுக்குள் வந்தபின் துண்டு கை மாறக் கை மாற, அதைக் கையாளும் எறும்பின் அளவும் குறைந்துகொண்டே வரும். கடைசியில் பூஞ்சையை நட்டுக் களை எடுப்பது மிகச் சிறியவை. பூஞ்சை இழைகளுக்கு நடுவே நுழைந்துபோக அவற்றால்தான் முடியும்.

வீடியோவை மறுபடி போட்டுப் பாருங்கள், சில இலைத்துண்டுகளின்மேல் ஒரு குட்டி எறும்பு உட்கார்ந்து வரும். ஓசிச் சவாரி என்று நினைத்துவிட வேண்டாம். ஃபோரிட் என்ற சின்ன ஈ ஒன்று உண்டு, எறும்பின் உடலில் முட்டை இடும், அதிலிருந்து வரும் புழு எறும்பை உள்ளிருந்தே தின்னும். இலையைச் சுமக்கும் எறும்பின் வாய் இலையில் மாட்டியிருப்பதால் ஈயை விரட்ட முடியாது. மேலே இருக்கும் குட்டிதான் ஈயைக் கிட்டே வரவிடாமல் தடுக்கிறது. அப்படியே துண்டின்மேல் இருக்கும் வேண்டாத கிருமிகளையும் துடைத்துக்கொண்டு வருகிறது.

வெட்டும் விதமும் தனி அழகு. பின்னங்காலை இலையின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, ஒரு தாடையைப் பதித்து, இன்னொன்றை இழுத்து அறுக்கும். உடம்பு சுழல்வதால்தான் துண்டு வில்லாக வருகிறது. அறுக்கும்போது வயிற்றுப் பகுதியை உரசி ஒரு அதிர்வு எழுப்பும். நல்ல இலை கிடைத்தால் அதிர்வு அதிகம், அது தண்டு வழியாகப் போய்ப் பக்கத்தில் இருப்பவற்றை அழைக்கும். வயதாகித் தாடை மழுங்கிப்போன எறும்பு வெட்டுவதைக் குறைத்துக்கொண்டு சுமக்கும் வேலைக்கு மாறிவிடும். கழிவுக் கிடங்கு வேலைக்கும் வயதானவைதான் அதிகம் போகின்றன. அங்கே நோய் தொற்றும் அபாயம் அதிகம். அங்கே வேலை செய்த எறும்பு தோட்டத்துப் பக்கம் திரும்ப வந்தால் மற்றவை தாக்கித் துரத்தும். இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. ஆனால் தோட்டத்தில் ஒரே பயிர், அதில் நோய் புகுந்தால் கூடே காலி. எஸ்கோவாப்சிஸ் என்ற வேறொரு பூஞ்சை இந்தத் தோட்டங்களுக்கென்றே உள்ள நோய். ஆய்வாளர் கேமரன் கரி குழுவினர் 1999-இல் காட்டியபடி, அக்ரோமிர்மெக்ஸ் எறும்புகளின் உடம்பில் வெள்ளைப் பொடி பூசியது போலத் தெரிவது பாக்டீரியா, அது சுரக்கும் மருந்து இந்த நோய்க்கு எதிராக வேலை செய்கிறது.

இத்தனையையும் ராணி நடத்துகிறதா என்றால், இல்லை. முட்டையிடுவதுதான் அவள் வேலை. எந்த மரத்துக்குப் போவது, யார் வெட்டுவது என்று அவள் சொல்வதில்லை. பாதையில் விட்ட வாசனை, தண்டின் அதிர்வு, எதிரே வருபவள் சுமந்து வரும் இலை, இவற்றை வைத்து ஒவ்வொரு எறும்பும் தானே முடிவெடுக்கிறது.

என்னைக் கேட்டால், கூட்டத்தில் ஒருவர் சொல் எடுபடுகிறது என்றால் அது பூஞ்சையின் சொல்தான். ஒரு சோதனை செய்தார்கள். எறும்புக்குக் கெடுதல் செய்யாத, பூஞ்சையை மட்டும் வாட்டும் மருந்தைக் கலந்து இரை வைத்தார்கள். முதலில் எறும்புகள் ஆசையாகத்தான் தூக்கிப்போயின. உள்ளே பூஞ்சை வாட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டன. அப்புறம் மருந்தே கலக்காத அதே இரையை வைத்தபோதும் வாரக்கணக்கில் தொடவில்லை. பயிருக்கு ஆகவில்லை என்ற சேதி தோட்டத்திலிருந்து வெளியே போகிறவர்கள் வரைக்கும் எட்டிவிடுகிறது. விவசாயி பயிரை வளர்ப்பதாக நாம் சொல்கிறோம், இங்கே விவசாயி எங்கே போக வேண்டும் என்பதைப் பயிர் தீர்மானிக்கிறது. இந்த எறும்புகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் மிகப் பெரிய விஷயமாக இதைத்தான் நினைக்கிறேன்.

ராணியைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். கூட்டைத் தொடங்குபவளே அவள்தான். கலவிப் பறப்புக்குக் கிளம்பும்போது தாய்க் கூட்டிலிருந்து ஒரு துளி பூஞ்சையை வாய்க்குள் உள்ள சின்னப் பையில் எடுத்துக்கொண்டு போகிறாள். பல ஆண்களோடு கூடி, அந்த விந்தைப் பத்து வருடத்துக்கு மேல்கூடச் சேமித்து வைத்திருப்பாள். இறக்கையை உதிர்த்துவிட்டு மண்ணைத் தோண்டி உள்ளே போய், கொண்டுவந்த பூஞ்சையைத் துப்பி, தன் கழிவாலேயே உரமிட்டு வளர்க்கிறாள். அட்டா ராணி முதல் பிள்ளைகள் தலையெடுக்கும் வரை வெளியே வருவதில்லை, தான் இட்ட முட்டைகளில் பெரும்பங்கைத் தானே தின்று உயிரோடு இருக்கிறாள். பெரும்பாலான ராணிகள் இந்தக் கட்டத்திலேயே செத்துவிடும். தப்பித்த கூடு லட்சக்கணக்கில் பெருகும். பிரேசிலில் ஒரு அட்டா கூட்டைத் தோண்டியபோது 1,920 அறைகள் இருந்தன, எறும்புகள் வெளியே கொண்டுவந்து போட்டிருந்த மண் சுமார் 40 டன். அந்த ராணி செத்தால் கூடு மெல்லத் தேய்ந்து அழிந்துவிடும்.

ராணி என்றாலே அதிகாரம் என்ற நினைப்பை நம் ஊரிலேயே ஒருவர் கலைத்திருக்கிறார். டாடா இன்ஸ்டிட்யூட் என்று இங்கே பழகிய இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் பல ஆண்டுகள் ஒரு குளவி இனத்தை ஆராய்ந்தார். அதன் ராணி சாது, யாரையும் மிரட்டுவதில்லை, எதற்கும் உத்தரவிடுவதில்லை. அவள் உடலிலிருந்து வரும் ஒரு ரசாயனம், ராணி இருக்கிறாள் என்று மற்றவற்றுக்குத் தெரிவிக்கிறது, அது போதுமாயிருக்கிறது.

வளர்ப்பதைப் பற்றி. யாராவது ஆன்லைனில் தருகிறேன் என்றாலும் வாங்க வேண்டாம். அனுமதி இல்லாமல் உயிருள்ள பூச்சிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அந்த நாடுகளில் எலுமிச்சை, ஆரஞ்சு விவசாயிகளின் வயிற்றில் அடிப்பவை இவை. குவாதலூப் தீவில் இல்லாதிருந்த ஒரு அக்ரோமிர்மெக்ஸ் இனம் 1950களில் வந்து சேர்ந்தது, அங்கே பெரும் பயிர்ப்பகையாகிவிட்டது. அந்த நிலைமை நமக்கு வேண்டாம்.

மகளுக்குக் காட்ட பெங்களூரிலேயே பூஞ்சை விவசாயி இருக்கிறது, கறையான். ஜி.கே.வி.கே. என்ற வேளாண் பல்கலைக்கழக வளாகம், நகரத்தின் ஓரத்து மாந்தோப்புகள், எங்கே புற்று இருந்தாலும் சரி. இங்கே புற்றுக் கட்டும் ஒடன்டோடெர்மிஸ் கறையான்கள் உள்ளே டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சையை வளர்க்கின்றன. மழை பெய்ததும் புற்றில் முளைத்து, ஊரில் பறித்துக் குழம்பு வைக்கிறோமே, அந்தக் காளான் இதுதான். எறும்புகளோடு சம்பந்தமே இல்லாமல் கறையான் தானாகக் கண்டுபிடித்த விவசாயம் இது. எறும்பில் வேலைக்காரர்கள் எல்லாம் பெண்கள், கறையானில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வேலை செய்யும், ராணியோடு ராஜாவும் கூட்டுக்குள் வாழும்.

மரப்பட்டையில் கறையான் பூசிய மண்ணைக் குச்சியால் ஒரு விரல் அகலம் சுரண்டிவிட்டுக் காத்திருங்கள். தலை பருத்த காவல் கறையான்கள் ஓட்டையின் ஓரத்தில் வந்து நிற்கும், வேலைக்காரக் கறையான்கள் ஈரமண் கொண்டுவந்து அடைக்க ஆரம்பிக்கும். ஒரு லென்ஸ் கையில் இருந்தால் நல்லது. புற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம், நம் ஊரில் பாதிப் புற்றுகளுக்குப் பூஜை நடக்கிறது, உள்ளே பாம்பும் இருக்கலாம்.