இரண்டாம் உலகப் போர் முடிந்து 29 ஆண்டுகள் ஆகியும் ஜப்பானிய ராணுவ அதிகாரி ஹிரூ ஒனோடா ஏன் சரணடையவில்லை?

அவருக்குக் கிடைத்த கட்டளைதான் முதல் காரணம். 1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் லுபாங் தீவுக்குப் போனபோது அவருக்கு வயது 22. கொரில்லாப் போர் பயிற்சி பெற்றவர். தற்கொலை செய்துகொள்ளக் கூடாது, எத்தனை ஆண்டானாலும் தாக்குப்பிடி, உன்னைத் தேடி வருவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

போர் முடிந்தது என்று விமானத்திலிருந்து துண்டறிக்கைகள் போட்டார்கள். 1952-இல் வீட்டார் எழுதிய கடிதங்களும் படங்களும்கூட வந்து விழுந்தன. எல்லாமே எதிரியின் சூழ்ச்சி என்றே நம்பினார். சந்தேகப்படத்தானே பயிற்சியே கொடுத்தார்கள்!

உடனிருந்த மூன்று ஜப்பானிய வீரர்களில் ஒருவர் 1950-இல் சரணடைந்தார். மற்ற இருவரும் 1954-இலும் 1972-இலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்புறம் தனிமைதான். வாழைக்காய், தேங்காய், ஊராரிடம் திருடிய மாட்டிறைச்சி, இவ்வளவுதான் சாப்பாடு.

1974-இல் சுசூக்கி என்ற இளைஞர் அவரைக் காட்டில் தேடிப் பிடித்தார். மேலதிகாரி கட்டளையிடாமல் வர மாட்டேன் என்றார் ஒனோடா. அந்த அதிகாரி தனிகுச்சி அப்போது புத்தக வியாபாரி. அவரே நேரில் வந்து கட்டளையை வாசித்த பிறகுதான் துப்பாக்கி கீழே இறங்கியது. அது அப்போதும் சுடும் நிலையில் இருந்தது.

அந்த மன உறுதி என்னை வியக்க வைக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகளில் லுபாங் மக்கள் சுமார் 30 பேர் ஒனோடா குழுவினர் கையால் இறந்தார்கள். வயலுக்குப் போன விவசாயிகளும் அதில் உண்டு. பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் ஒனோடாவை மன்னித்துவிட்டார். அந்தக் குடும்பங்களால் அப்படி முடியவில்லை.