ஆங்கிலத்தில் நடக்காத ஆசையை 'ராங் ஹோப்' என்று எழுதலாமா? ஃபால்ஸ் ஹோப், விஷ்ஃபுல் திங்கிங், பைப் ட்ரீம் மூன்றும் ஒன்றுதானா?

ராங் ஹோப் என்று எழுதினால் புரியும்தான். ஆனால் ஆங்கிலத்திலேயே புழங்குபவர்கள் அப்படி எழுத மாட்டார்கள், ஃபால்ஸ் ஹோப் என்பார்கள். இதற்கு இலக்கணத்தில் காரணம் தேட வேண்டாம். எந்தச் சொல் எதோடு சேரும் என்பது முழுக்கப் புழக்கத்தின் சமாச்சாரம்.

மற்ற மூன்றும் ஒன்றில்லை. பழி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள், வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

ஃபால்ஸ் ஹோப் பெரும்பாலும் இன்னொருவர் கொடுப்பது. அதனால்தான் கிவ், ஆஃபர் போன்ற வினைகள் கூடவே வரும். தேறுவது கடினம் என்று தெரிந்த நோயாளியின் வீட்டாரிடம் மருத்துவர், "ஐ டோன்ட் வான்ட் டு கிவ் யூ ஃபால்ஸ் ஹோப்" என்பாரே, அந்த மாதிரி இடம். ரெய்ஸ் என்ற வினை வந்தால் பெரும்பாலும் பன்மை: ரெய்ஸ் ஃபால்ஸ் ஹோப்ஸ்.

விஷ்ஃபுல் திங்கிங்கை யாரும் நமக்குக் கொடுப்பதில்லை. ஆசைப்பட்டதையே நடக்கும் என்று நாமே நம்பிக்கொள்வது அது. முன்னால் 'அ' (a) என்ற ஆங்கிலச் சுட்டுச்சொல்லைப் போட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் போடுகிறார்கள்.

பைப் ட்ரீம் என்னும்போது ஆளை விட்டுவிட்டுத் திட்டத்தையே தள்ளிவிடுகிறோம். அந்த பைப் அபின் புகைக்கும் குழாய். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல். போதையில் கண்ட கனவு என்ற ஏளனம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலதிகாரியின் திட்டத்தை 'ஜஸ்ட் அ பைப் ட்ரீம்' என்று மின்னஞ்சலில் எழுதினால் வம்புதான். அங்கே 'அன்ரியலிஸ்டிக் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று பூசி மெழுகிவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்குப் பிடித்தது: பை இன் த ஸ்கை. 1911இல் தொழிற்சங்கப் பாடலாசிரியர் ஜோ ஹில் எழுதிய கேலிப் பாட்டிலிருந்து வந்தது. இங்கே பட்டினி கிட, செத்த பிறகு வானத்தில் தின்பண்டம் கிடைக்கும் என்று ஏழைகளுக்கு உபதேசிப்பவர்களைப் பார்த்து அடித்த கிண்டல். ஆகவே தேர்தல் வாக்குறுதிகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் போடலாம்: பை இன் த ஸ்கை ப்ராமிஸஸ்.

ஹை ஹோப்ஸை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது வெறுமனே பெரிய நம்பிக்கை, நிறைவேறவும் கூடும். நொறுங்கிப்போனால் 'டேஷ்ட்' என்ற சொல் வரும்.

ஃபார்லார்ன் ஹோப் என்று எங்காவது படித்தால், கைகூட வாய்ப்பே இல்லாத முயற்சி என்று அர்த்தம் புரிந்தால் போதும், எழுத வேண்டாம். அதில் உள்ள ஹோப், டச்சு மொழியில் படைக்கூட்டத்தைக் குறித்த 'ஹோப்' என்ற சொல். நம்பிக்கைக்கும் அதற்கும் முதலில் சம்பந்தமே கிடையாது.