போனை வாங்கினால் வீடே ரெண்டாகிறது

என் மகனுக்கு 4 வயது 3 மாதம். எல்.கே.ஜி. போகிறான். தங்கை பிறந்து 7 மாதம் ஆகிறது. மாலை 4 மணிக்கு வேனிலிருந்து இறங்கியதும் பையை வீசிவிட்டு போன் கேட்பான். மதியச் சாப்பாடு பாதிக்கு மேல் டப்பாவிலேயே திரும்பி வருவதால், கார்ட்டூனைக் காட்டி நான்கு வாய் ஊட்டுவது மாமியாரின் வழக்கம். 6 மணிக்கு போனை வாங்கினால் தரையில் விழுந்து புரள்வான். தலையைச் சுவரில் முட்டுவான், என்னை அடிப்பான். கால் மணி நேரம் இப்படி. “பச்சப் புள்ளைய ஏன் அழ விடுற?” என்று அத்தை போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சில நாள் நான் பிடிவாதமாக இருப்பேன், சில நாள் முடியாது.

கணவர் வேலை முடிந்து வர 9.30 ஆகும். அவரோடு விளையாடிவிட்டு 11 மணிக்குத்தான் தூங்குகிறான். 6.45க்கு எழுப்ப வேண்டும். பகலில் தூக்கமில்லை. ஆனால் பள்ளியில் கேட்டால், “ரொம்ப சமத்து” என்கிறார்கள்! என்னிடம் மட்டும் வேண்டுமென்றே செய்கிறானா? போன வாரம் பாப்பாவைக் கிள்ளிவிட்டான், ஓங்கி அறைந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குத் தூக்கமில்லை. இது ஏதாவது நோயா?

– பெயர் வேண்டாம், திண்டுக்கல்

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நோய் என்று சொல்ல எதுவும் இல்லை. வேண்டுமென்றே செய்வதாகவும் தெரியவில்லை. பள்ளியில் 6 மணி நேரம் வரிசையில் நின்று, கையைக் கட்டி, அழுகையை அடக்கி வைத்திருக்கும் பிள்ளை, அதை அவிழ்த்துவிட ஓர் இடம் தேடும். எதைச் செய்தாலும் தன்னை விட்டுப் போகமாட்டாள் என்று நம்புகிற ஆளிடம்தான் அதைக் கொட்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 11 மணியிலிருந்து 6.45 வரை ஏழே முக்கால் மணி நேரம். 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது 2019இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் கடன். அதோடு அரை வயிறு. அதன் மேல் 2 மணி நேரம் போன் (அதே வழிகாட்டுதலில் இந்த வயதுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்). இத்தனையும் சேர்ந்து களைத்திருக்கும் மாலை 6 மணிக்கு, அவனுக்குப் பிடித்த ஒன்றைப் பிடுங்குகிறோம். பெரியவர்களுக்கே பொறுக்காது. ஆசையை அடக்கும் மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்ட வேண்டும்.

ஆகவே போன் சண்டையைவிட முதல் வேலை தூக்கம். 3 நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் படுக்க வையுங்கள். 11 மணி 8.30 ஆக ஒரு மாதம் பிடிக்கும். ஒரே நாளில் மாற்றப் பார்த்தால் படுக்கையில் இன்னொரு சண்டைதான் மிஞ்சும். அப்பாவோடு விளையாட்டு காலையில் 20 நிமிடம் இருக்கட்டும். அவருக்கு இது வருத்தமாக இருக்கும், ஆனாலும் வேறு வழியில்லை.

வேனிலிருந்து இறங்கியதும் “இன்னைக்கு என்ன படிச்ச?” என்று கேட்காதீர்கள். 10 நிமிடத்துக்குள் வயிற்றுக்கு ஏதாவது போகட்டும்: ஒரு தோசை, சுண்டல், வாழைப்பழம், எதுவானாலும். போன் இல்லாமல், அவன் கையாலேயே. முதல் வாரம் குறைவாகத்தான் சாப்பிடுவான், பரவாயில்லை.

போனைச் சாப்பாட்டிலிருந்து பிரித்து, 5 மணிக்கு வையுங்கள். எந்த 2 கார்ட்டூன் என்று முன்பே அவனே தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதில்தான், அவனுக்கு முடிவு என்பதே கண்ணில் படுவதில்லை. கதை நடுவில் பிடுங்காமல், முடிந்ததும் அவன் விரலாலேயே அணைக்கச் சொல்லுங்கள். அடுத்த வேலை தயாராக இருக்க வேண்டும்: செடிக்குத் தண்ணீர், உருட்ட ஒரு உருண்டை சப்பாத்தி மாவு. ‘போனை வை, ஹோம்வொர்க் எழுது’ என்றால் எந்தப் பிள்ளையும் வைக்காது.

இவ்வளவு செய்தும் புரண்டு அழுவான். அப்போது பாப்பாவையும் எறியக்கூடிய பொருட்களையும் அகற்றிவிட்டு, ஒரு கை தூரத்தில் தரையில் உட்காருங்கள். “போன் முடிஞ்சது ஏமாற்றமா இருக்கு. அம்மா இங்கதான் இருக்கேன்.” இவ்வளவுதான் பேச்சு. அடிக்க வந்தால் மணிக்கட்டை மென்மையாகப் பிடித்து, “அடிக்க விடமாட்டேன்.” தலையை முட்டினால் நடுவில் தலையணை. ஏன், எதற்கு என்ற விசாரணையும், ‘போலீஸ் வருது’, ‘ஊசி போடச் சொல்றேன்’, ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ போன்றவையும் வேண்டாம். பயந்து அடங்கும் பிள்ளை அமைதியடையக் கற்பதில்லை, ஒளிக்கத்தான் கற்கிறது.

விம்மல் குறைந்ததும் தண்ணீர், மடி. அரை மணி கழித்து 2 நிமிடம் பேசினால் போதும். வீசிய பொருளை இருவரும் சேர்ந்து எடுத்து வையுங்கள். வாயால் வரவழைக்கும் ‘ஸாரி’யைவிட அது பயன் தரும். கோபம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவன் எல்லாவற்றையும் சமாளிக்கிறான். ஏமாற்றம், எரிச்சல், பொறாமை, பயம் என்ற சொற்களை நல்ல நேரத்தில் பழக்குங்கள். மூச்சுப் பயிற்சியும் அப்படியே: மல்லிகையை மோந்து பார்ப்பதுபோல் உள்ளே, சூடான ரசத்தை ஊதுவதுபோல் மெல்ல வெளியே, 5 முறை. இதைத் தினமும் விளையாட்டாகச் செய்தால்தான், கோபத்தில் ஒருநாள் கைகொடுக்கும். அழும்போது புதிதாகச் சொல்லித்தந்தால் ஏறாது.

இனி அத்தை. கால் மணி நேரம் அழுத பிறகு போன் கிடைத்தால், கால் மணி நேரம் அழ வேண்டும் என்பதுதான் அவன் கற்கும் பாடம். சில நாள் கிடைத்து சில நாள் கிடைக்காவிட்டால் பிடிவாதம் இன்னும் இறுகும். நிறுத்திய முதல் சில நாள் அழுகை கூடத்தான் செய்யும். “பார், மோசமாகிவிட்டது” என்று 4ஆம் நாள் கொடுத்துவிட்டால், ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம். இதை அத்தையிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, அவர் மகன். அவர் தவறு செய்வதாகச் சொல்ல வேண்டாம். பேரன் அழுவது அவருக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். அழுகை அடங்கியதும் மடியில் போட்டுக் கதை சொல்வது பாட்டியின் பொறுப்பு என்று கொடுத்துப் பாருங்கள்.

கிள்ளியதற்கு: முதலில் பாப்பாவைத் தூக்கிச் சமாதானப்படுத்துங்கள். பிறகு அவனிடம் ஒரே வரி, “கிள்ளினா வலிக்கும், விடமாட்டேன்.” தினமும் 10 நிமிடம் பாப்பாவைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அவனோடு மட்டும் இருங்கள். என்ன விளையாட்டு என்பது அவன் விருப்பம், பாடம் கிடையாது. நல்லதைச் செய்தால் ‘சமத்து’ என்று முடிக்காமல், “பாப்பா தூங்குறான்னு மெதுவா பேசினியே” என்று செய்ததைச் சொல்லுங்கள்.

அறைந்ததை இப்போதும் சரிசெய்யலாம். “அம்மாவுக்குக் கோபம் வந்துச்சு. ஆனா அடிச்சது தப்பு.” இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘நீ கிள்ளினதாலதானே’ என்று தொடர்ந்தால் மன்னிப்பு கேட்டது வீண்.

6 வாரம் பாருங்கள். அழுகை வழக்கமாக 25 நிமிடத்தைத் தாண்டினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, பேச்சு பின்தங்கியிருந்தாலோ, பள்ளியிலும் இப்படி ஆனாலோ அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போகும் இரவில் அரசின் மனநல உதவி சேவையான டெலி-மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

இன்னொன்று. இன்று இரவு அவன் தூங்கும்போது வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறானா என்று பாருங்கள். தினமும் அப்படியென்றால் மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் 8.30க்குப் படுக்க வைத்தாலும் தூக்கம் சரியாக வராது, காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.