இரண்டு லென்ஸ், வலிக்கும் தோள்: எந்த கேமரா பை?

கேள்வி: ஒரு மிரர்லெஸ் கேமரா, 24-70, 70-200 மில்லிமீட்டர் என இரண்டு எஃப் 2.8 (அதிக ஒளியை உள்ளே விடும், கனமான) லென்ஸ்கள், ஒரு ஃபிளாஷ், நான்கு பேட்டரி, சார்ஜர். இவ்வளவுதான் என் சாமான். ஒற்றைப் பட்டை வைத்த தோள் பையில் கொண்டுபோகிறேன். இரண்டு மணி நேரம் நடந்தால் வலது தோளில் தொடங்கும் வலி கழுத்து வரை ஏறுகிறது. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். 'முதுகுப் பைக்கு மாறு, வாங்குவதே வாங்குகிறாய், பெரிதாக வாங்கு' என்று நண்பர்கள் சொன்னதால் ஒரு 30 லிட்டர் பையை இணையத்தில் வாங்கிவிட்டேன். இன்னும் விலை அட்டையைக்கூடக் கழற்றவில்லை. வைத்துக்கொள்ளலாமா? அவ்வப்போது விமானப் பயணமும் உண்டு.

பதில்: அட்டையைக் கழற்றாதது நல்லதாகப் போயிற்று. அதைக் கழற்றாமலேயே வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. அதற்கு முன் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

கேமரா பாடி சுமார் 700 கிராம். 24-70 முக்கால் கிலோவை ஒட்டி வரும். 70-200 ஒரு கிலோவுக்கு மேல். ஃபிளாஷ், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்து இன்னொரு முக்கால் கிலோ. தண்ணீர் பாட்டிலையும் பையின் சொந்த எடையையும் போட்டால் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். ஒற்றைப் பட்டைப் பையில் இத்தனையும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசையில் தொங்குகிறது. பட்டை நழுவாமலிருக்க அந்தத் தோளை நீங்கள் அறியாமலேயே சற்றுத் தூக்கிப் பிடித்திருப்பீர்கள். நடக்கும் நேரம் முழுக்க அந்தத் தசைக்கு ஓய்வே கிடையாது. அகலப் பட்டை, ஜெல் பட்டை என்று விற்பதெல்லாம் தோலில் பதிவதைக் குறைக்கும், அவ்வளவுதான். பையை இறக்கி வைத்த பிறகும் கை மரத்துப்போகிறது, விரலில் குறுகுறுப்பு இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள், அது பை மாற்றித் தீரும் விஷயம் இல்லை.

ஆக, முதுகுப் பைக்கு மாறுவது சரி. ஆனால் எடையை இரண்டு தோளுக்கும் பங்கு போட்டால் மட்டும் போதாது, அதில் பெரும்பகுதி இடுப்பெலும்புக்கு இறங்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இதுதான்.

வீட்டில் யாரையாவது ஒரு டேப் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். தலையைக் குனியுங்கள், கழுத்தின் அடியில் ஒரு எலும்பு புடைத்து நிற்கும். அது மேல் புள்ளி. இரு கைகளையும் இடுப்பின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினால் எலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டு கட்டைவிரல்களும் முதுகுப் பக்கம் சந்திக்கும் உயரம் கீழ்ப் புள்ளி. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் உங்கள் முதுகு நீளம். உங்கள் உயரத்துக்கு 40 சென்டிமீட்டரை ஒட்டி வரலாம், ஆனால் உயரத்தை வைத்து ஊகிக்காதீர்கள். உயரமான ஆளுக்குக் கால் நீளமாக இருந்து முதுகு குட்டையாக இருப்பது சகஜம்.

இனி பையை எடுங்கள். தோள் பட்டைகள் பையோடு சேரும் இடத்திலிருந்து இடுப்பு பெல்ட்டின் நடுப்பகுதி வரை அளந்து பாருங்கள். உங்கள் முதுகை விட அது நான்கைந்து சென்டிமீட்டர் கூடுதல் என்றால், பெல்ட் எலும்பின் மேல் உட்காராமல் கீழே இறங்கிப் பிட்டத்தின் மேல் வழியும். இறுக்கிக் கட்டினாலும் எடை மறுபடி தோளுக்கே வரும். கேமரா பைகளில் மிகப் பல ஒரே அளவில்தான் தைக்கப்படுகின்றன. ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் ஒரே பை! மலையேறுபவர்களுக்கான பைகளில் முதுகு நீளத்துக்கு ஏற்ப அளவு பிரிப்பது எப்போதோ வந்துவிட்டது; கேமரா பைக்காரர்கள் மட்டும் அது தெரியாதது போல இருக்கிறார்கள். ஷிமோடா போன்ற சிலர் தோள் பட்டையின் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதியும் பெண்களுக்கென்று தனிப் பட்டைகளும் தருகிறார்கள். எந்த நிறுவனமானாலும் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பெல்ட் என்ற பெயரில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நாடாவைத் தைத்து வைத்திருப்பார்கள். அது பை ஆடாமலிருக்க மட்டும். எடையை வாங்க வேண்டுமென்றால் உள்ளங்கை அகலத்துக்குப் பஞ்சு வைத்த, இடுப்பைப் பக்கவாட்டில் சுற்றி வரும் பெல்ட் வேண்டும்.

அடுத்து அந்த 30 லிட்டர். பையின் கொள்ளளவை அளக்க ஒரு பொது முறை இருக்கிறது: சின்னப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி நிரப்பி, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் எல்லாரும் அதைத்தான் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருவர் வெளிப் பாக்கெட்டுகளையும் கூட்டிச் சொல்வார், இன்னொருவர் பிரதான அறையை மட்டும் சொல்வார், உள்ளே வைத்த தடுப்புப் பஞ்சு விழுங்கும் இடத்தைப் பெரும்பாலோர் கழிப்பதில்லை. அட்டையில் போட்ட லிட்டரை நம்பி வாங்குவது குருட்டாம்போக்கு. கேமரா அறையின் உள் அளவு மூன்றையும் கேளுங்கள்: நீளம், அகலம், ஆழம். ஜூம் செய்யும்போது நீளம் மாறாத ரக 70-200 ஒன்று 20 சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ வரும். கேமராவில் மாட்டியபடியே வைத்தால் 30-ஐ நெருங்கும். குறுக்கே வைக்க இடமில்லாமல் செங்குத்தாக வைக்க வேண்டியிருக்கும். ஆழம் 14 சென்டிமீட்டருக்குக் கீழே போனால், அடியில் கூடுதல் கிரிப் (பேட்டரி வைக்கும் கைப்பிடி) மாட்டிய கேமரா உள்ளே போகாது. உங்கள் சாமானுக்கு 18 முதல் 22 லிட்டர் என்று விற்கப்படும் பை பெரும்பாலும் போதும். இடம் மிச்சமிருந்தால் அதையும் நிரப்பத்தான் கை போகும்.

'நாளைக்கு இன்னொரு லென்ஸ் வாங்க மாட்டீர்களா, இப்போதே பெரிதாக எடுத்து வையுங்கள்' என்று கடையில் சொல்வார்கள். நாளைய லென்ஸுக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம். கேமராவோடு 'இலவசம்' என்று தரும் பையைப் பற்றி ஒரு வரி போதும்: அதன் விலை கேமரா விலைக்குள் எங்கோ இருக்கிறது, அதன் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு காணொளி விமர்சகர்கள். கீழே கொடுத்த இணைப்பில் நீங்கள் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன். அதில் தப்பில்லை, வெளிப்படையாகச் சொன்னால் சரி. ஆனால் பைக்குள் கற்றையாகக் காகிதத்தை அடைத்து, மேசை மேல் வைத்து, எல்லா ஜிப்பையும் திறந்து மூடிக் காட்டிவிட்டு 'மிகவும் வசதியாக இருக்கிறது' என்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பொறுக்காது. முழு எடையை ஏற்றி ஒரு மணி நேரம் சுமந்து நடந்தேன் என்று சொல்பவரை மட்டும் கேளுங்கள்.

மழை விஷயத்திலும் இதே கதைதான். 'வாட்டர்ப்ரூஃப்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். துணியில் பூசிய பூச்சு தண்ணீரைத் தடுக்கும், ஆனால் தையல் ஓட்டைகளும் ஜிப்பும் தடுக்காது. நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்றால் ஐபிஎக்ஸ் 7 போன்ற மதிப்பீட்டைக் காட்ட வேண்டும். சாதாரண கேமரா பையில் அதை எதிர்பார்க்க முடியாது. கூடவே வரும் மழை உறை முன்பக்கத்தை மட்டும் மூடும், முதுகு வழியாக வழியும் தண்ணீர் நேரே உள்ளே போகும். கேமராவையும் லென்ஸையும் நீர்புகா உள்பை ஒன்றில் போட்டுப் பைக்குள் வைத்தால் கவலை இல்லை. வீடு திரும்பியதும் வெளியே எடுத்துவிடுங்கள். ஈரம் வாங்கிய பஞ்சுக்குள் மூடியே கிடந்தால் லென்ஸில் பூஞ்சை வரும்.

ஜிப்பைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவேன், சுருக்கமாக: அதன் எண் பல் வரிசையின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் குறிக்கும். பிரதான அறைக்கு 8 அல்லது 10 இருக்கட்டும்.

எந்தப் பக்கம் திறக்கும் பை? முதுகுப் பக்கம் திறப்பதை எடுங்கள். கூட்டத்தில் பின்னால் நிற்பவர் திறக்க முடியாது. தரையில் வைக்கும்போது முதுகு படும் பகுதி மேலே இருப்பதால் சேறு உங்கள் சட்டையில் ஏறாது. தோள் பட்டைகளைக் கழற்றிவிட்டு, இடுப்பு பெல்ட்டை மட்டும் கட்டியபடி பையை முன்பக்கம் சுழற்றினால், வயிற்றுக்கு முன்னால் ஒரு தட்டு மாதிரி நிற்கும். நின்றபடியே லென்ஸ் மாற்றலாம். அடுக்கும்போது கனமான லென்ஸ் முதுகை ஒட்டியும் நடு உயரத்திலும் இருக்கட்டும். வெளிப்பக்கம் தள்ளி வைத்தால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க நீங்கள் முன்னால் குனிவீர்கள், அப்புறம் இடுப்பு வலிக்கிறது என்று எனக்கு இன்னொரு கடிதம் வரும்.

இத்தனை சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கு. நிகழ்ச்சிகளைப் படம் எடுக்கிறீர்கள் என்றால் உங்கள் பழைய தோள் பை அங்கே தேவைப்படும். நெரிசலான அரங்கில் முதுகுப் பையோடு திரும்பினால் பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கும். இறக்கி வைக்க இடமிருக்காது, வைத்தாலும் கண் அதன் மேலேயே இருக்கும். அங்கே ஒரு லென்ஸ் கேமராவோடு உங்கள் கையில் இருக்கிறது, பையில் இருப்பது இன்னொரு லென்ஸும் ஒன்றிரண்டு பேட்டரியும்தான். ஒன்றரை, இரண்டு கிலோ. அந்த எடையைத் தோள் தாங்கும். பட்டையை மார்புக்குக் குறுக்கே போட்டு, பை இடுப்பின் முன்பக்கம் நிற்கும்படி நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூடி உடம்பை விட்டு வெளிப்புறமாகத் திறந்தால் லென்ஸை எடுக்கையில் கை முட்டாது. மறுபடி சொல்கிறேன், இது நின்று வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும். அரங்குக்குப் போவதும் வருவதும் முதுகுப் பையில். தோள் பையைச் சுருட்டி அதற்குள் வைத்துக்கொண்டு, போன பிறகு எடுத்து மாட்டுங்கள். 'நிகழ்ச்சிக்கு அதுதான் நல்லது என்று நீங்களே சொன்னீர்களே' என்று நாள் முழுக்க அதையே தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் வலி திரும்பி வரும்.

விமானம். பல நிறுவனங்களில் கேபின் பைக்கு 7 கிலோ வரம்பு, அளவு 55 × 40 × 20 அல்லது 23 சென்டிமீட்டர். ஒரு நிறுவனத்தில் செல்வது இன்னொன்றில் செல்லாது. இத்தனை வருடமாகப் பறக்கிறார்கள், ஒரு பெட்டி அளவில் ஒத்துப்போக முடியவில்லை. 30 லிட்டர் கேமரா பைகள் பலவும் வெறுமனே இரண்டு கிலோவை நெருங்கும். வரம்பில் கால் பங்குக்கு மேல் பையே தின்றுவிட்டால் சாமானுக்கு என்ன மிச்சம்?

உதிரி லித்தியம் பேட்டரி கேபினில்தான் வர வேண்டும், கீழே சரக்கறைக்குப் போகக் கூடாது என்பது விதி. நல்ல விதி. தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் இருக்கிறார்கள். ஆனால் விமானம் ஏறும் வாசலுக்குப் போனதும் 'மேலே இடமில்லை, பையைக் கீழே அனுப்புகிறோம்' என்று வாங்கிக்கொள்வதும் அதே விமான நிறுவனத்து ஆட்கள்தான்! உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று ஒருவர் கேட்பார், ஒருவர் கேட்க மாட்டார். அதனால் பேட்டரிகளை ஒரு சின்ன உறையில், முனைகளுக்கு மூடி போட்டு, மேல் பாக்கெட்டில் தனியாக வையுங்கள். உங்கள் ரக கேமரா பேட்டரி ஒன்று 16 வாட் மணியை (பேட்டரிக்குள் அடங்கும் மின்சாரத்தின் அளவு) ஒட்டி வரும். வரம்பு 100, பயமில்லை. கேமரா அறை தனிப் பெட்டியாக வெளியே வரும் பையாக இருந்தால் இன்னும் நல்லது. பையைக் கேட்டால் பெட்டியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் பையைக் கொடுத்துவிடலாம்.

இனி நீங்கள் வாங்கிய பைக்கு வருவோம். முதலில் டேப். நீளம் பொருந்தவில்லை, தோள் பட்டையை ஏற்றி இறக்கும் வசதியும் இல்லை என்றால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். பொருந்தினால், முழுச் சாமானையும் தண்ணீரோடு ஏற்றி வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். நடுவில் தோள் பட்டை இரண்டையும் தளர்த்திப் பாருங்கள். பை கீழே சரியாமல் இடுப்பில் உட்கார்ந்திருந்தால் பெல்ட் வேலை செய்கிறது. பெரிது என்றாலும் அந்தப் பையை வைத்துக்கொள்ளலாம், விமானத்துக்கு முன் தராசில் மட்டும் போட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு பை வந்த நாளிலிருந்தா, ஆர்டர் போட்ட நாளிலிருந்தா என்பதை இன்றே படித்துவிடுங்கள். பெட்டியையும் பிளாஸ்டிக் உறையையும் எறிந்துவிடாதீர்கள், அது இல்லை என்று சொல்லித்தான் பணத்தைப் பிடித்து வைப்பார்கள்.